காலிக் கட்டம் காட்டிய பிழை: ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தை வாசிக்கத்தக்கதாக மாற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொங்கு வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் விவசாயி ஒருவர் உயில் எழுதாமல் இறந்துபோனார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். சொத்து அவர் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது. ஆகவே 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் சமமான உரிமை உண்டு. குடும்பத்தில் சண்டை எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நிகழ்வில் யாரும் யாரையும் ஏமாற்ற முயலவில்லை.

ஒன்றரை ஏக்கர் தோட்டம், அதில் ஒரு கிணறு, ஊர் நத்தத்தில் ஓர் ஓட்டு வீடு. இவற்றைப் பற்றி அவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தது இதுதான். தோட்டத்தை மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு ஐம்பது சென்ட்டாகப் பிரித்துக்கொள்வது. சாலையை ஒட்டிய கிழக்குப் பகுதி மூத்தவருக்கு, நடுப்பகுதி இளையவருக்கு, மேற்குக் கோடி மகளுக்கு. மகள் தன் நிலத்துக்குப் போய்வர வடக்கு ஓரமாகப் பத்தடி அகலத்தில் வண்டிப்பாதை. கிணறு மூவருக்கும் பொது. வீட்டில் தாய் தன் ஆயுள் வரை இருப்பார், அவருக்குப் பிறகு வீடு இளையவரைச் சேரும். தாய் தோட்டத்தில் பங்கு வேண்டாம் என்று தாமாகவே சொன்னார்.

இதை எழுதித் தரும் பொறுப்பு அந்த ஊர்க்காரர்கள் பல காலமாகப் போகும் ஆவண எழுத்தர் ஒருவரிடம் போனது. முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். வரைவு தயாரானதும் மகளின் கணவர் அதை என்னிடம் கொண்டுவந்தார். பதிவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவர் கேட்டது ஒரே கேள்வி: “சட்டப்படி இது சரியாக இருக்கிறதா, பாருங்கள் ஐயா.”

முதல் வரைவில் கண்டவை

பதினான்கு பக்கம். உள்ளடக்கத்தில் சட்டக் குறை எதுவும் முதல் பார்வையில் தெரியவில்லை. ஆனால் மூன்றாம் பக்கத்தில் தொடங்கிய வாக்கியம் ஆறாம் பக்கத்தின் நடுவில்தான் முடிந்தது. பத்தி பிரிப்பு இல்லை, எண்ணிட்ட ஷரத்துகள் இல்லை. ஓர் இடத்தை அப்படியே தருகிறேன்:

“நம்மில் 4 லக்கமிட்டவர் ஷை ‘இ’ தபசில் சொத்தை அடைந்து ஷை சொத்துக்கு நம்மில் 2 லக்கமிட்டவர் பாக சொத்தின் வடபுறமாக கிழமேல் 121 அடி நீளம் தென்வடல் 10 அடி அகலமுள்ள ஷை பாதையில் நடந்துகொள்ளவும் வண்டி வாகனாதிகள் ஓட்டிக்கொள்ளவும் உள்ள பாத்தியத்துடன் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது…”

‘லக்கம்’ என்றால் எண், ‘தபசில்’ என்றால் சொத்து விவரப் பட்டியல், ‘பாத்தியம்’ என்றால் உரிமை. இதைப் படிப்பவர் யார் 4 லக்கமிட்டவர், யார் 2 லக்கமிட்டவர் என்று முதல் பக்கத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும். ‘ஷை’ (மேற்படி) என்ற எழுத்து மூன்று இடங்களில் வருகிறது, ஒவ்வொரு முறையும் எதைக் குறிக்கிறது என்று தேட வேண்டும். பழகிய கண்ணுக்கு இது தடையே இல்லை. எனக்கும் தடையாக இல்லை, அதுதான் பின்னால் தொல்லையானது.

தாயின் ஆயுட்கால உரிமை ஏழாம் பக்கத்தில், இளைய மகனை எழுவாயாகக் கொண்ட ஒரு வாக்கியத்தின் வயிற்றுக்குள் இருந்தது. “உங்கள் வீட்டு உரிமை எங்கே எழுதியிருக்கிறது?” என்று தாயிடம் மகள் கேட்டபோது இளையவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். தாய் எழுத்துக்கூட்டிப் படிப்பவர். அவர் புரட்டவே இல்லை, மகன் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். அந்தக் காட்சிதான் இந்த வேலையில் என்னை இறக்கியது. ஒருவர் தன் கடைசிக் காலத்தை எந்த வாசகத்தின் பலத்தில் கழிக்கப்போகிறாரோ, அந்த வாசகத்தை அவரால் கைவைத்துக் காட்ட முடியவில்லை.

கிணற்றைப் பற்றி “மூவருக்கும் பொதுவில் பாத்தியம்” என்ற அளவோடு முடித்திருந்தார்கள். முறை நாள், மோட்டார், மின் இணைப்பு எதுவும் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உள்ளடக்கத்தில் கைவைக்காமல் வடிவத்தை மட்டும் மாற்றுவது என்பது முதல் முடிவு. பேசி முடித்த பேச்சைக் கலைத்தால் குடும்பத்துக்குள் சந்தேகம் புகுந்துவிடும். ஆகவே பழைய வரைவில் இருந்ததை அப்படியே புதிய அமைப்புக்கு மாற்றினோம், பிழையோடு சேர்த்து.

ஆவண எழுத்தரோடு இரண்டு மாலை உட்கார்ந்தேன். அவருடைய எதிர்ப்பை இங்கே மதிப்போடு பதிவுசெய்ய வேண்டும், ஏனென்றால் அதில் பாதி நியாயம். பத்திரத்தில் இடைவெளி விடாமல் நெருக்கி எழுதுவது சோம்பலால் வந்த வழக்கம் அல்ல. காலி இடம் இருந்தால் பின்னால் ஒரு சொல்லைச் செருகிவிடலாம் என்ற அச்சத்தால் வந்தது. வரி முடியும் இடத்தில்கூடக் கோடு இழுத்து நிரப்புவார்கள். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 20ஆம் பிரிவும் இதைத்தான் பேசுகிறது: இடைச்செருகல், காலி இடம், சுரண்டி அழித்த இடம், திருத்தம் இருந்தால் எழுதிக்கொடுப்பவர்கள் அதன் அருகே ஒப்பமிட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் சார்பதிவாளர் பத்திரத்தை ஏற்க மறுக்கலாம். “நீங்கள் பத்தி பிரித்து வெள்ளையாக விட்டால் நாளைக்கு யார் பொறுப்பு?” என்று கேட்டார்.

நாங்கள் கண்ட வழி: பத்திகளுக்கு இடையே ஒரு வரி அளவுக்கு மேல் இடம் விடுவதில்லை. பக்கத்தின் அடியில் மீந்த இடத்தில் குறுக்குக் கோடு. ஒவ்வொரு பக்கத்திலும் “மொத்தம் 11 பக்கங்களில் 3ஆம் பக்கம்” என்ற குறிப்பு, அதன்கீழ் நால்வரின் கையொப்பம். ஷரத்துகளுக்குத் தொடர் எண் இருப்பதால் நடுவில் ஒன்றைச் செருகினாலும் எண் காட்டிக்கொடுத்துவிடும். எண் போடுவதும் ஒரு காவல்தான் என்று சொன்னபோது அவர் ஒப்புக்கொண்டார்.

சொற்களைப் பொறுத்தவரை, பழையது எல்லாவற்றையும் தூக்கி எறியவில்லை. வில்லங்கம் (சொத்தின்மீதுள்ள கடன், பொறுப்பு), பாத்தியம், சுவாதீனம் (கைவசம்), தபசில் ஆகியவை பதிவு அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் நிலைத்த பொருள் உள்ளவை. கிராமத்தில் எல்லோரும் அறிந்தவை. அவை இருந்தன. ‘ஷை’ முழுவதும் போனது. “நம்மில் 4 லக்கமிட்டவர்” என்ற இடங்களில் “மகள் (4)” என்று வந்தது. உறவு முறையும் எண்ணும் சேர்ந்து வந்ததால் முதல் பக்கத்துக்குத் திரும்ப வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

எழுத்தமைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தன்னிடம் தாக்கலாகும் ஆவணங்களுக்கு ஒரு சீரான அமைப்பை அறிவித்தது: ஏ4 தாள், இருபுறமும் அச்சு, எழுத்தளவு 14, வரி இடைவெளி ஒன்றரை, இடமும் வலமும் 4 செ.மீ. ஓரம், மேலும் கீழும் 2 செ.மீ. அது பத்திரங்களுக்கானது அல்ல. இருந்தாலும் ஓர் அளவுகோலாக எடுத்துக்கொண்டோம். தமிழுக்கு அது அப்படியே பொருந்தவில்லை. ஒரே 14 என்ற அளவில் ஒரு தமிழ் எழுத்துரு பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் தெரிகிறது. மேலே புள்ளியும் இகர ஈகாரக் குறிகளும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் இருப்பதால் வரிகள் நெருங்கினால் மேல்வரியின் சுழி கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும். வரி இடைவெளியைக் குறைக்காமல் எழுத்தளவை ஒன்று குறைப்பது மேல் என்று அச்செடுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். இருபக்கமும் சமமாக வெட்டிய ஓரத்தையும் கைவிட்டோம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வலது ஓரத்தைச் சமப்படுத்தினால் நான்கே சொற்கள் ஒரு வரியில் பல் விழுந்தாற்போல் நிற்கும். இடப்புறம் மட்டும் நேராக வைத்தால் கண் தடுமாறுவதில்லை.

நிறம், சாம்பல் பின்னணி எதுவும் வேண்டாம் என்றும் முடிவுசெய்தோம். பத்திரம் வாழ்நாள் முழுதும் நகலாகவே சுற்றும். நகலின் நகலில் சாம்பல் நிறம் கறுப்புத் திட்டாகிவிடும். கோடும் தடித்த எழுத்தும் மட்டும் போதும்.

சொத்து விவரம்தான் முக்கியமான இடம். பதிவுச் சட்டம் 21ஆம் பிரிவு, அசையாச் சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் இருக்க வேண்டும் என்கிறது. அது பத்தியாக இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டோம். விவரம் முழுமையாக இருந்தால் அட்டவணைக்குத் தடையில்லை என்றார்கள். பங்குக்கு ஒரு நிரல், இடப்பக்கம் வரிசையாக: புல எண், பரப்பு, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, பாதை, கிணறு. பரப்பு இரண்டு அளவிலும். மூலப்பத்திரம் 1 ஏக்கர் 50 சென்ட் என்கிறது, பட்டா 0.60.5 ஹெக்டேர் என்கிறது. பின்னதைக் கணக்கிட்டால் நூற்று நாற்பத்தொன்பதரை சென்ட்தான் வருகிறது. அரை சென்ட் என்பது ஏறத்தாழ 218 சதுர அடி. முதல் வரைவில் இரண்டும் வெவ்வேறு பக்கத்தில் இருந்ததால் யாரும் ஒப்பிடவில்லை. இப்போது அருகருகே வந்ததும் மூத்தவரே கேட்டார். பட்டா அளவு தோராயமாக்கப்பட்டதால் வரும் வேறுபாடு என்பதையும், நான்கெல்லைக்குள் உள்ளது உள்ளபடி பிரிக்கப்படுகிறது என்பதையும் தனி ஷரத்தாக எழுதினோம்.

கடைசியில் ஒரு கைவரைபடம். புலப்பட (நில அளவைப் பட) நகலைப் பார்த்து வரைந்தது, அடியும் மீட்டரும் குறித்தது. வரைபடம் இருந்தால் அதன் உண்மை நகலையும் சேர்த்துத் தர வேண்டும் என்று அதே 21ஆம் பிரிவு சொல்கிறது. வரைபடத்துக்கும் தபசிலுக்கும் வேறுபாடு தெரிந்தால் தபசிலே செல்லும் என்றும் எழுதினோம். ஒரே உரிமையை இரண்டு இடத்தில் சொன்னால் எது மேலானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதே காரணத்துக்காக, முதல் பக்கத்தில் ஒரு சுருக்கம் வைக்கலாம் என்ற என் ஆசையைக் கைவிட்டேன். சுருக்கத்தைப் பத்திரத்துக்கு வெளியே தனித்தாளாகக் கொடுத்தோம்.

வாசித்துப் பார்த்த நாள்

பதிவுக்கு ஒன்பது நாள் முன்பு, குடும்பத்தார் வீட்டுத் திண்ணையில் எல்லோரும் கூடினோம். வரைவை நான் படித்துக் காட்டவில்லை. ஆளுக்கொரு பிரதி கொடுத்து, அவரவர் பங்கை அவரவரே தேடிக் காட்டும்படி கேட்டேன். தாய்க்குப் பேத்தி படித்துச் சொன்னாள். “5ஆம் ஷரத்து, தாயின் வீட்டு உரிமை” என்ற தலைப்பை அவர் விரலால் தடவிப் பார்த்து, “இது என்னுடையதா?” என்று கேட்டார்.

மகள் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அட்டவணையில் தன் நிரலைப் படித்தார், பிறகு அண்ணன்கள் இருவரின் நிரலையும் படித்தார். நடு நிரலில் விரல் நின்றது. ‘பாதை’ என்ற வரிசையில் மூத்தவருக்கு நேரே “வடபுறம் 10 அடி அகலம், 121 அடி நீளம்” என்று இருந்தது. இளையவருக்கு நேரே ஒரு சிறு கோடு மட்டும்.

“சின்ன அண்ணனுக்கு இங்கே ஒன்றுமே எழுதவில்லையே. அப்புறம் நான் எப்படி என் காட்டுக்குப் போவேன்?”

திண்ணையில் யாரும் பேசவில்லை. சாலையில் தொடங்கும் பாதை மூத்தவரின் 121 அடியைக் கடந்ததும் இளையவரின் எல்லைக்கல்லில் முடிந்துவிடுகிறது. மகளின் நிலம் அதற்கும் 121 அடிக்கு அப்பால். பாதை 242 அடி இருக்க வேண்டும். மூத்தவரின் பங்கை எழுதிய வாசகத்தை இளையவரின் பங்குக்கு எடுத்துப் போடும்போது பாதைப் பகுதி விட்டுப்போயிருக்கிறது. எழுதிய எழுத்தர், படித்துப் பார்த்த இளையவர், மகளின் கணவர், நான் ஆகிய நால்வருமே இதைத் தவறவிட்டோம். அட்டவணையில் அந்தக் கட்டத்தில் கோடு போட்டதே நான்தான். வரைவில் ஒன்றும் இல்லை, ஆகவே கோடு என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மூன்று பக்க நீள வாக்கியத்தில் இல்லாத ஒன்று இல்லை என்றே தெரியாது. சொற்கள் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து வந்து அந்த இடத்தை மூடிவிடும். அட்டவணையில் இல்லாததற்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடம் காலியாக நின்று கேட்கும். ஆனால் கேட்பது யாருடைய காதில் விழும் என்பது வேறு. அந்தப் பாதையில் நடக்கப்போகிறவர் காதில்தான் விழுந்தது.

இந்தப் பிழையோடு பதிவாகியிருந்தால் மகள் வழியில்லாமல் நின்றிருப்பார் என்று சொல்ல முடியாது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் 13ஆம் பிரிவு, பாகப்பிரிவினையில் பிரிந்த நிலத்துக்கு வேறு வழியே இல்லாவிட்டால் அவசியத்தின் பேரில் வழி உரிமை தருகிறது. எல்லோரும் சம்மதித்தால் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதலாம். சம்மதிக்காவிட்டால் 1963ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம் 26ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றத்தில் திருத்தம் கேட்கலாம். வழிகள் உண்டு. சம்மதம் கிடைக்காதபோது அவை ஒவ்வொன்றும் அண்ணன்மீது தங்கை வழக்குப் போடும் வழி, அல்லது அண்ணன் இறந்தபின் அவர் பிள்ளைகள்மீது.

திருத்தமும் பதிவும்

அன்றே பேசி முடித்தோம். பாதையை யார் பங்கிலும் சேர்க்காமல் மூவருக்கும் பொதுவான ‘உ’ தபசிலாகத் தனியே பிரித்தோம். 10 அடி அகலம், 242 அடி நீளம், 2,420 சதுர அடி, அதாவது 5.56 சென்ட். அதனால் மூத்தவருக்கும் இளையவருக்கும் தலா 47.22 சென்ட், மகளுக்கு 50. கூட்டினால் 150. இளையவர் சற்று யோசித்தார், தாயைப் பார்த்தார், வீடு தனக்கு வருவதை நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. மூத்தவர் சாலையோரம் தனக்குக் கிடைத்ததால் மறுப்புச் சொல்லவில்லை. கிணற்றுக்கு ஆளுக்கு ஒரு நாள் என்று சுழல் முறை, தந்தை பெயரில் இருந்த மின் இணைப்பை மூவர் பெயருக்கும் மாற்றிக்கொள்வது என்று தனி ஷரத்து எழுதினோம்.

பதிவுக்கு முந்தைய மாலை ஒரு தடங்கல். எங்கள் கோப்பு ஒருங்குறியில் (யூனிகோடு) இருந்தது. அச்சுக் கடையில் பழைய எழுத்துருவில் வேலை செய்கிறார்கள். அங்கே மாற்றியபோது கிரந்த எழுத்துகள் சில உடைந்தன, எல்லை அளவு ஒன்றில் தசமப் புள்ளி காணாமல் போனது. நல்லவேளையாக எழுத்தர் கையில் எங்கள் அச்சுப் பிரதி இருந்ததால் ஒவ்வோர் எண்ணாக ஒப்பிட்டார். முத்திரைத்தாளின் மேற்பாதியில் முத்திரை இருப்பதால் எழுதும் இடம் குறைவு. அதனால் பக்கங்கள் நகர்ந்து, அட்டவணையின் கடைசி வரிசை மட்டும் அடுத்த தாளுக்குப் போயிற்று. அட்டவணையைப் புதுப் பக்கத்தில் தொடங்கவைத்துச் சரிசெய்தோம்.

பதிவு குறித்த நாளிலேயே முடிந்தது.

பின்விளைவுகள்

இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டில் இளையவர் வேலி போட்டபோது கம்பிவேலிக் கல் பாதைக்குள் இரண்டடி தள்ளி நட்டுவிட்டார்கள். மகள் நோட்டீஸ் அனுப்பவில்லை, ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிடவில்லை. பத்திர நகலின் எட்டாம் பக்கத்தை எடுத்துப் போய் அண்ணனிடம் காட்டினார். வேலைக்கு வந்த ஆட்கள் அளந்து பார்த்துக் கல்லைப் பிடுங்கி நட்டார்கள். மூத்தவர் பயிர்க்கடன் வாங்கப் போனபோது வங்கியின் சட்ட ஆலோசகர் கூடுதல் விளக்கம் எதுவும் கேட்கவில்லை. தாயின் தலையணைக்கு அடியில் ஐந்தாம் ஷரத்து உள்ள பக்கத்தின் நகல் மடித்து வைக்கப்பட்டிருப்பதாக மகள் சொன்னார்.

கிணற்றில் மட்டும் தோற்றோம். சென்ற கோடையில் மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) எரிந்தது. தண்ணீர் முறைக்கு ஷரத்து இருந்தது, பழுதுச் செலவுக்கு இல்லை. யாருடைய முறை நாளில் எரிந்ததோ அவரே தரவேண்டும் என்றார் ஒருவர், மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்றார் இன்னொருவர். இரண்டு வாரம் தென்னைக்குத் தண்ணீர் இல்லை. கடைசியில் மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள், ஆனால் மூத்தவரும் இளையவரும் சில மாதம் பேசிக்கொள்ளவில்லை. அட்டவணையில் இருக்கும் வரிசையில் காலிக் கட்டம் தெரியும். வரிசையே போடாமல் விட்டால் அதுவும் தெரியாது என்பதை இதில் கற்றேன்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

எல்லைகளைப் பங்குவாரியாக எழுதியபின் எதிரெதிராகச் சரிபார்க்கும் வேலையை நான் செய்யவில்லை. ஒருவரின் மேற்கு எல்லை அடுத்தவர் என்றால், அடுத்தவரின் கிழக்கு எல்லை இவராக இருக்க வேண்டும். பாதையின் இரு முனையும் எங்கே தொடுகின்றன என்று கேட்க வேண்டும். பத்து நிமிட வேலை. இப்போது ஒவ்வொரு பத்திரத்திலும் செய்கிறேன்.

குடும்பத்தாரை வாசிக்கவைத்தது மிகத் தாமதம். ஒன்பது நாளில் திருத்த முடிந்தது அவர்களுக்குள் நல்லுறவு இருந்ததால்தான். முதல் வரைவு வந்த வாரத்திலேயே வைத்திருக்க வேண்டும். அச்சுக்குக் கோப்பைக் கொடுக்கும்போது இனி எழுத்துரு பொதிந்த பிடிஎஃப் மட்டுமே கொடுப்பது, மாற்றித் தட்டச்சு செய்ய இடம் தராமல். பொதுக் கிணறு உள்ள பத்திரங்களில் நீர் முறைக்குக் கீழே பழுதுச் செலவு, மோட்டார் மாற்றுவது, ஆழப்படுத்துவது என்று மூன்று வரிசைகளைச் சேர்த்திருக்கிறேன்.

அந்த ஆவண எழுத்தர் இப்போது பாகப்பிரிவினைக்கு அட்டவணைதான் போடுகிறார். சென்ற மாதம் அவர் அனுப்பிய ஒரு வரைவைப் பார்த்தேன். பொருந்தாத கட்டங்களில் எங்கும் கோடு இல்லை. “இப்பங்கில் பாதை இல்லை”, “இப்பங்குக்குக் கிணற்றுப் பாத்தியம் இல்லை” என்று ஒவ்வொன்றிலும் எழுத்தால் எழுதியிருந்தார்.